காற்றுக் கடன்

ஜூலை மாதத்து இரவுகளில் என் வீட்டுக்கு நண்பர் ஒருவர் வருவார். பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் பேரப்பிள்ளைகளின் ஆட்சி. என் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. பிரான்ஸ் தேசத்தில் நடக்கும் மூன்று வாரத்துச் சைக்கிள் பந்தயத்தை, அன்றன்றைய ஓட்டம் முடிகிற வரைக்கும் இருவருமாக உட்கார்ந்து பார்ப்போம். மலைகளும், சூரியகாந்தி வயல்களும், பழைய கோட்டைகளும் கண்ணுக்குக் குளிர்ச்சி. எனக்கு அதுவே போதும். நண்பருக்குப் போதாது. அவருக்கு எதிலும் ஒரு விடை வேண்டும். அந்த விடை சரியாகவும் இருக்க வேண்டும்.

ஒரு நாள் கடைசிக் கிலோமீட்டரில் இரண்டு பேர் மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவன் வெகு நேரமாக முன்னாலேயே வந்துகொண்டிருந்தான். பின்னால் வந்தவன் அவன் முதுகைவிட்டு அகலவே இல்லை. கோடு கண்ணில் பட்டதும் பின்னவன் சட்டென்று பக்கவாட்டில் விலகி, இருக்கையைவிட்டு எழுந்து மிதித்தான். ஒரு சக்கர அகலத்தில் ஜெயித்துவிட்டான்.

நண்பர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இது திருட்டு, சார். உழைத்தவன் கூலியை உழைக்காதவன் வாங்கிக்கொண்டு போகிறான். அவனுக்குப் பூச்செண்டு வேறு கொடுக்கிறார்கள்!”

“விளையாட்டுத்தானே, சார்” என்று சிரித்துச் சமாளித்தேன். அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருட்டு என்ற அந்த ஒரு சொல் மட்டும் கூடத்தில் தங்கிவிட்டது. உண்மையில் அது திருட்டுத்தானா? அப்படியானால் களவு போன பொருள் எது? அதற்கு உடையவன் யார்?

இந்தப் பந்தயத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டூர் டி பிரான்ஸ் 1903-ஆம் ஆண்டு தொடங்கியது. ஒரு விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்வதற்காக ஆரம்பித்த காரியம் அது. அந்த முதல் ஆண்டில் 60 பேர் புறப்பட்டு 21 பேர்தாம் ஊர் வந்து சேர்ந்தார்கள். இரண்டு உலகப் போர்களும் குறுக்கிட்ட ஆண்டுகளைத் தவிர இன்றுவரை நடந்து வருகிறது. இப்போது அணிக்கு 8 பேராக, ஏறக்குறைய 180 பேர் புறப்படுகிறார்கள். 21 கட்டங்கள், நாளொன்றுக்கு ஒரு கட்டம்; எல்லாம் சேர்ந்தால் சுமார் 3,400 கிலோமீட்டர். எல்லாக் கட்டத்தையும் கூட்டிப் பார்த்து மிகக் குறைந்த நேரம் எடுத்துக்கொண்டவன் எவனோ, அவனுக்கு மஞ்சள் சட்டை. அது ஒருவனுக்குத்தான் கிடைக்கும். ஆனால் அன்றன்றைய கட்டத்தில் முதலில் கோட்டைத் தொடுகிறவனுக்கும் தனிப் பெருமை உண்டு. மஞ்சள் சட்டையைக் கனவிலும் நினைக்க முடியாத ஓட்டக்காரன் ஒருவனுக்கு, வாழ்நாளில் அப்படி ஒரே ஒரு நாள் வாய்த்துவிட்டால் போதும். அவன் பெயரோடு அந்த நாளும் கடைசிவரைக்கும் ஒட்டிக்கொண்டு வரும்.

சைக்கிள்காரனுக்குச் சத்துரு மலை என்று நாம் நினைக்கிறோம். சமவெளியில் அவனுக்குச் சத்துரு காற்று. மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் தன் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றைப் பிளப்பதற்கே செலவழிக்கிறான். அவன் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, அவன் முதுகு மறைவில் வருகிறவனுக்கு அதே வேகத்தில் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். நூறு பேருக்கு மேற்பட்ட பெருங்கூட்டத்தின் நடுவில் ஒண்டிக்கொண்டவன் பாடு இன்னும் சுகம். 2018-இல் பெர்ட் பிளாக்கன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 121 பேர் கொண்ட கூட்டம் ஒன்றை மாதிரியாக வைத்து ஆராய்ந்தார்கள். தனியாகப் போகிறவன் தாங்குகிற காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் நடுவில் இருப்பவன்மேல் படுகிறது என்று கண்டார்கள். புயலில் நடக்கிறவனுக்கும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் இது.

அப்படியிருந்தும் ஒவ்வொரு நாளும் காலையில் நாலைந்து பேர் அந்தத் தாழ்வாரத்தைவிட்டு வெளியே ஓடுகிறார்கள். பெருங்கூட்டத்தைப் பின்னால் விட்டுவிட்டு, சிறுகூட்டமாகப் பிரிந்து, நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் காற்றில் போகிறார்கள். பெருங்கூட்டம் பெரும்பாலும் அவர்களைப் போகவிடும். அவர்களால் மஞ்சள் சட்டைக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்தால், மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ முன்னால் விட்டு, கயிற்றில் கட்டிய கன்றைப்போல மேயவிடும். மாலையில் கயிற்றை இழுக்கும். முன்னாளில் தானும் பந்தயம் ஓடி, பின்னாளில் தொலைக்காட்சி வர்ணனையாளராக இருந்த ராபேர் ஷாபாத் என்பவர் ஒரு வாய்பாடே சொல்லி வைத்தார்: தனியே ஓடுகிறவனுக்குப் பத்துக் கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது ஒரு நிமிஷமாவது கையில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிடிபட்டுவிடுவான்.

அநேக நாட்களில் பிடிபட்டுத்தான் விடுகிறார்கள். 2014-ஆம் ஆண்டு ஜாக் பாவர் என்ற நியூசிலாந்துக்காரர் சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் எல்மிகரோடு சேர்ந்து நீம் நகரத்தை நோக்கி 222 கிலோமீட்டர் ஓடினார். கோட்டுக்கு முன் சில பத்து மீட்டரில், கைநீட்டித் தொட்டுவிடலாம் போன்ற இடத்தில், பெருங்கூட்டம் அவர்மேல் அலையாகப் புரண்டு கடந்துவிட்டது. அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது பத்தாவது இடம். பாதையோரம் உட்கார்ந்து அழுதார்.

இப்படிப் பிடிபடாமல் தப்ப வேண்டுமானால் சிறுகூட்டத்துக்கு ஒரே வழிதான் உண்டு. காற்றைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவன் கொஞ்ச நேரம் முன்னால் நின்று காற்றை மார்பில் வாங்குவான். பிறகு முழங்கையை லேசாக ஆட்டுவான். ‘நான் விலகுகிறேன், நீ வா’ என்று அர்த்தம். அடுத்தவன் முன்னே வருவான். இவன் வரிசையின் வாலுக்குப் போய் மூச்சு வாங்கிக்கொள்வான். அவர்கள் வெவ்வேறு தேசத்தார். ஒருவன் பாஷை ஒருவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெவ்வேறு முதலாளிகளிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். நாளைக்கு ஒருவரையொருவர் துரத்தப் போகிறவர்கள். ஆனாலும் அந்த முழங்கை அசைவு எல்லோருக்கும் புரிகிறது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை, கையெழுத்து இல்லை. உலகத்தில் இதைவிடச் சுத்தமான ஒப்பந்தம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

இதைவிட விசித்திரமான ஒப்பந்தத்தையும் பார்த்ததில்லை. ஏனென்றால் இது கடைசிக் கிலோமீட்டரில் முறிந்தே தீரும் என்பது சேரும்போதே எல்லோருக்கும் தெரியும். அதுவரைக்கும் தோழன், அதற்கப்புறம் எதிரி. அதில் துரோகம் இல்லை. முடிகிற நாளைச் சொல்லிவிட்டுச் செய்துகொள்கிற கூட்டு, முடியும்போது யாரையும் ஏமாற்றுவதில்லை. ‘என்றென்றைக்கும்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் கைவிடுகிற நம்முடைய சிநேகங்களைவிட அது நேர்மையானது என்றுகூடத் தோன்றுகிறது.

நியாயத்தின் சிக்கல் வருவது அங்கே அல்ல. முழங்கை ஆடியும் முன்னே வராதவனிடத்தில்தான் வருகிறது.

ஒருவன் வரிசையின் வாலிலேயே தொங்கிக்கொண்டு வருகிறான். முன்னே வா என்றால் தலையை ஆட்டுகிறான். முன்னால் இருப்பவன் என்ன செய்ய முடியும்? மிதிப்பதை நிறுத்தினால் பெருங்கூட்டம் இருவரையும் விழுங்கிவிடும். மிதித்தால் சும்மா வருகிறவனையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அவன் ஆசைதான் அவனுக்கு விலங்கு. பின்னால் வருகிறவன் அந்த விலங்கின் சாவியை வைத்துக்கொண்டு சுகமாக வருகிறான். எந்த வீட்டில், எந்த அலுவலகத்தில், எந்தக் கூட்டு வியாபாரத்தில் இது நடக்கவில்லை? காரியம் கெட்டுப்போகக் கூடாதே என்று கவலைப்படுகிறவன் தலையில்தான் எல்லாக் காரியமும் வந்து விழுகிறது.

இதற்கு ஓர் உதாரணம், 2005-ஆம் ஆண்டில் நடந்தது. பிரனீஸ் மலைத்தொடரில் பிளா டாடே என்ற சிகரத்தில் முடிகிற கட்டம். பிரிந்தோடிய கூட்டத்தில் கடைசியாக இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் ஸ்பெயின் தேசத்து ஓஸ்கார் பெரெய்ரோ. மற்றவர் அமெரிக்கர் ஜார்ஜ் ஹின்கேப்பி. ஹின்கேப்பியின் தலைவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் மஞ்சள் சட்டையோடு பின்னால் வந்துகொண்டிருந்தார். தலைவர் பின்னால் வரும்போது முன்கூட்டத்தின் வேகத்தைக் கூட்டக் கூடாது என்பது வேலைக்காரனின் தர்மம். ஆகவே ஹின்கேப்பி முன்னே வரவில்லை, பெரெய்ரோ இழுத்தார். கடைசியில் ஹின்கேப்பி அவரை முந்திக் கட்டத்தை வென்றுவிட்டார். உழைத்தவன் நான், வென்றவன் அவன் என்று பெரெய்ரோ மனம் நொந்துகொண்டார்.

என் நண்பரைக் கேட்டால் தீர்ப்பு உடனே கிடைத்துவிடும். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுத வரவில்லை. ஹின்கேப்பி சும்மா வந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. தன் அணிக்குப் பட்ட கடமை. அதில் ஒளிவுமறைவும் இல்லை. பெரெய்ரோவுக்கு அது தெரியும், தெரிந்தேதான் இழுத்தார். விதி எதுவும் மீறப்படவில்லை. சும்மா வந்தவரைக் குறை சொல்ல இடம் இருக்கிறதா என்றால், அதுவரைக்கும் இல்லை. கேள்வி எழுவது அதற்கப்புறம். கடமை காரணமாகக் காற்றில் நிற்காதவர், அந்தக் கடமை மிச்சப்படுத்திக் கொடுத்த பலத்தைக்கொண்டு, காற்றில் நின்றவரைத் தோற்கடிக்கலாமா? தலைவருக்காக உழைக்க மறுத்தீர், சரி. வெற்றியும் தலைவருக்காகத்தானா?

இந்தக் கேள்வி வெறும் வாய்ப்பந்தலாகப் போயிருக்கும். அடுத்த ஆண்டிலேயே வேறொருவர் அதற்கு நடந்து காட்டிப் பதில் சொன்னார்.

2006-ஆம் ஆண்டு மே மாதம். இத்தாலியின் மூன்று வாரத்துப் பந்தயமான ஜிரோ. பத்தொன்பதாம் கட்டம், டோலமைட் மலைகளில் சான் பெல்லெக்ரினோ கணவாயில் முடிகிறது. மறுபடியும் இரண்டு பேர். ஒருவர் ஸ்பெயினின் ஹுவான் மனுவேல் காராத்தே. மற்றவர் ஜெர்மானியர் யென்ஸ் ஃபோக்ட். ஃபோக்டின் தலைவர் இவான் பாஸோ பின்னால் வருகிறார். அந்தப் பந்தயத்தில் முதலிடத்துக்கு உரிய ரோஜாச் சட்டை அவர் மேல் இருக்கிறது. ஹின்கேப்பிக்கு இருந்த அதே கட்டளை, அதே காரணம். ஃபோக்ட் முன்னே வரவில்லை. காராத்தே இழுத்துக்கொண்டே மலை ஏறினார். ஃபோக்ட் சாமானிய ஓட்டக்காரர் அல்லர். பிரிந்தோடுவதிலேயே பெயர் வாங்கியவர். பலமும் மிச்சம் இருந்தது. கோடு நெருங்கியது. ஃபோக்ட் காராத்தேயிடம் பேசி, முதுகில் தட்டிக்கொடுத்து, போட்டி போடாமல் அவரை முன்னே போகவிட்டார். தாம் உழைக்கவில்லை, ஆகவே இந்த வெற்றிக்குத் தாம் உரியவர் அல்லர் என்பதே அவர் சொன்ன காரணம்.

இதைப் படித்ததும் ‘ஆகா, என்ன தாராளம்!’ என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். எதிர்க்கட்சிக்கும் வாதம் உண்டு. ஃபோக்டுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள், அவர் ஜெயிப்பதற்குத்தான் கொடுத்தார்கள். அவர்களுடைய வெற்றியை மூன்றாவது மனிதருக்கு எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை ஏது? தன் சொத்தைத் தானம் செய்யலாம். முதலாளியின் சொத்தைச் செய்யலாமா? மற்றொரு வாதம் இதைவிடக் கூர்மையானது. காராத்தேக்குக் கிடைத்தது பிச்சையா, வெற்றியா? விட்டுக்கொடுத்துப் பெற்ற வெற்றியை மார்பில் குத்திக்கொள்வதில் மானம் இருக்கிறதா?

இரண்டு வாதத்துக்கும் பதில் ஒன்றே என்று எனக்குப் படுகிறது. ஃபோக்ட் எதையும் கொடுக்கவில்லை. எடுக்காமல் இருந்தார், அவ்வளவுதான். கொடுப்பதற்கும் எடுக்காமல் இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தன்னுடையதை எடுத்து நீட்டுகிறவன் கொடையாளி, அவனைப் புகழலாம். தன்னுடையது அல்லாததைக் கை எட்டும் தூரத்தில் பார்த்தும் கையை மடக்கிக்கொள்கிறவனைப் புகழ நமக்குத் தெரிவதில்லை. அவன் செய்த காரியத்துக்கு ஒரு பெயர்கூட நாம் வைக்கவில்லை. காராத்தே பெற்றது பிச்சையானால், வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கிறவர்களெல்லாம் பிச்சை போடுகிறவர்கள் என்றாகிவிடும்.

கடன் என்ற சொல் வந்துவிட்டது. இதில் களவு போன பொருள் எது என்று முதலில் கேட்டேன் அல்லவா? எதுவும் களவு போகவில்லை. கடனாகப் போயிருக்கிறது. முன்னால் போகிறவன் தன் முதுகின் மறைவைப் பின்னால் வருகிறவனுக்குக் கடன் கொடுக்கிறான். பத்திரம் எழுதாத கடன். வட்டி கேட்க முடியாது, வழக்குப் போட முடியாது. கொடுத்தவன் திரும்பிப் பார்த்துக் கத்தலாம். அதற்கு மேல் அவனால் எதுவும் ஆகாது. அதைத் தீர்ப்பதா இல்லையா என்பது முழுக்க முழுக்க வாங்கினவன் கையில் இருக்கிறது. சட்டம் வசூலிக்கும் கடனைத் தீர்ப்பதில் நம் குணம் எதுவும் வெளிப்படுவதில்லை. கட்டாவிட்டால் ஜப்தி வரும் என்ற பயமே நம்மைக் கட்ட வைத்துவிடும். யாராலும் வசூலிக்க முடியாத கடன் ஒன்று வரும்போதுதான் மனிதன் யார் என்று தெரிகிறது. தாய் தந்தையிடம் பட்ட கடன், எழுத்து அறிவித்தவரிடம் பட்ட கடன், கஷ்டகாலத்தில் பக்கத்தில் நின்றவனிடம் பட்ட கடன் எல்லாமே இந்த ஜாதிதான்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. கொடுத்தவனுக்குக் கணக்கு நினைவிருக்கும், வாங்கினவனுக்கு மறந்துபோகும். இத்தாலியின் இரு பெரும் போட்டியாளர்களான ஃபாஸ்டோ கோப்பியும் ஜினோ பார்த்தலியும் 1952-ஆம் ஆண்டு டூர் பந்தயத்தில், மலைச்சாலை ஒன்றில் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றிக்கொள்ளும் புகைப்படம் பிரசித்தமானது. ஒருவர் முன்னால்; ஒருவர் பின்னால்; இருவர் கையும் ஒரே புட்டியில். யார் கொடுத்தது, யார் வாங்கினது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த வாதம் அவர்கள் காலத்திலும் ஓயவில்லை. அவர்கள் போன பிறகும் ஓயவில்லை. இரண்டு பேருக்கும் தாகம் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

கடனை முழுக்கத் தீர்த்தவன் மனம் நிம்மதியாக இருக்கும் என்று நினைக்கலாம். அதுவும் அப்படி இல்லை. 2023-ஆம் ஆண்டு டூர் பந்தயத்தின் பத்தொன்பதாம் கட்டம் பொலினி என்ற ஊரில் முடிந்தது. மூன்று பேர் பிரிந்து வந்தார்கள். ஸ்லொவேனியாவின் மாத்தேய் மோஹோரிச், டென்மார்க்கின் காஸ்பர் ஆஸ்கிரீன், ஆஸ்திரேலியாவின் பென் ஓ’கானர். ஆஸ்கிரீன் முந்தைய நாளும் பிரிந்தோடி வென்றவர். அன்றைக்கும் அவர் பலம் அசாத்தியமாக இருந்தது. மூவரும் காற்றைப் பங்கிட்டுக்கொண்டார்கள். முடிவில் மோஹோரிச் ஆஸ்கிரீனைப் புகைப்படம் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டிய அளவு சிறிய இடைவெளியில் வென்றார். வென்றவர் பேட்டியில் அழுதுவிட்டார். இந்தத் தொழிலின் கொடுமையைப் பற்றிப் பேசினார். தம்மைவிடப் பலசாலியாக ஓடியவரைக் கடைசியில் தோற்கடிப்பது துரோகம்போல உறுத்துகிறது என்ற கருத்திலும் பேசினார்.

தம் பங்குக்கு உழைத்து, முறையாக வென்றவருக்கு உறுத்தல் என்ன? இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. கடனைப் பற்றிய உறுத்தல் தீர்க்காதவனுக்கு வருவதில்லை, தீர்த்தவனுக்கே வருகிறது. பிறனுடைய உழைப்பின் கனத்தை அறிய வேண்டுமானால், தானும் அந்தக் காற்றில் நின்றிருக்க வேண்டும். முதுகு மறைவிலேயே வந்தவனுக்கு வெளியே காற்று அடித்ததே தெரியாது. தெரியாததற்கு அவன் எப்படி நன்றி செலுத்துவான்?

இவ்வளவும் ஓட்டக்காரர்களின் தர்மம். பார்க்கிறவர்களான நமக்கும் ஒரு தர்மம் உண்டு. அதில் நாம் அடிக்கடி தவறுகிறோம். 1956-ஆம் ஆண்டு டூர் பந்தயத்தை வென்றவர் ரோஜே வால்கோவியாக். பெரிய பெயர் இல்லாதவர். பிராந்திய அணி ஒன்றில் ஓடியவர். லோரியானிலிருந்து ஆஞ்சே வரைக்கும் நடந்த ஏழாம் கட்டத்தில் 31 பேர் பிரிந்து ஓடினார்கள். பெரிய பெயர்க்காரர்கள் அலட்சியமாக விட்டுவிட்டார்கள். சிறுகூட்டம் பதினெட்டு நிமிஷத்துக்கு மேல் முன்னால் வந்து சேர்ந்தது. மஞ்சள் சட்டை வால்கோவியாக்குக்கு வந்தது. நடுவில் அதை இழந்தார். ஆல்ப்ஸ் மலையில் மறுபடி மீட்டார். பாரிஸ்வரைக்கும் கொண்டு வந்தார். 1 நிமிஷம் 25 வினாடி வித்தியாசத்தில் ஜில்பேர் போவான் இரண்டாமவர். அதுவரைக்கும் நடந்த டூர் பந்தயங்களிலேயே அதிவேகமானது அது.

உலகம் அவரை மெச்சவில்லை. ஒரு கட்டத்தைக்கூட வெல்லாதவன், பிறர் அசட்டையால் பிழைத்தவன் என்றார்கள். ‘வால்கோ மாதிரி’ என்றால் தகுதியில்லாமல் அதிர்ஷ்டத்தில் கிடைத்த வெற்றி என்று பிரெஞ்சு விளையாட்டுப் பேச்சில் ஒரு மரபுத்தொடரே ஏற்பட்டுவிட்டது. தன் பெயரே ஏளனச் சொல்லாகித் தெருவில் நடமாடுவதைக் கேட்டுக்கொண்டு அந்த மனிதர் வாழ்ந்தார். பிற்காலத்தில் தொழிற்சாலையில் கடைசல் வேலைக்குத் திரும்பினார். 2017-இல், 89-ஆம் வயதில் காலமானார்.

அன்று பிரிந்தோடியவர்கள் 31 பேர் என்பதை ஏளனம் செய்தவர்கள் யோசிக்கவில்லை. அதிர்ஷ்டம் முப்பத்தொரு வீட்டுக் கதவையும் தட்டியது. கதவைத் திறந்து, வந்ததைப் பாரிஸ்வரைக்கும் காப்பாற்றியவர் ஒருவரே. உழைக்காதவன் கொண்டுபோகிறான் என்று என் நண்பர் கொதித்தது நியாயம். ஆனால் உழைத்தவன் யார், உழைக்காதவன் யார் என்று தீர்மானிக்க, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது? வால்கோவியாக்கின் விஷயத்தில், பிறனுடையதை எடுத்துக்கொண்டது ஓட்டக்காரர் அல்லர், வேடிக்கை பார்த்தவர்கள்தாம். அவருக்குச் சேர வேண்டிய கௌரவத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அந்த 2005-ஆம் வருஷத்துப் பெரெய்ரோ என்ன ஆனார், சார்?”

அவருக்கு அந்தக் கணக்குத்தான் முக்கியம். சொன்னேன். பிளா டாடேயில் தோற்ற பிறகு ஒரு நாள் ஓய்வு. அடுத்த கட்டம் போ நகரத்தில் முடிந்தது. பெரெய்ரோ மறுபடியும் பிரிந்தோடினார். நாலு பேராகக் கோட்டுக்கு வந்தார்கள். இந்தத் தடவை அவரே வென்றார். மறு ஆண்டு, 2006-இல், மோன்தெலிமார் நகரத்துக்குப் போகிற கட்டத்தில் மறுபடியும் பிரிந்தோடினார். முதல் இடத்தில் இருந்த ஃபிளாய்ட் லாண்டிஸின் அணி, இவரால் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டு, ஏறக்குறைய முப்பது நிமிஷம் முன்னால் போகவிட்டது. அந்த அணி பெரெய்ரோ முந்தைய ஆண்டுவரை ஓடிய அணிதான். அன்று கட்டத்தை வென்றவர் அதே யென்ஸ் ஃபோக்ட். மஞ்சள் சட்டை பெரெய்ரோவுக்கு. பாரிஸில் லாண்டிஸ் முதலில் வந்தார். ஊக்க மருந்து உட்கொண்டது நிரூபணமாகி அவர் பட்டம் பறிபோயிற்று. 2007-இல் அந்தப் பட்டம் பெரெய்ரோவுக்கு வழங்கப்பட்டது. 2005-இல் வென்ற ஹின்கேப்பியும் ஊக்க மருந்தை 2012-இல் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்து அவருடைய வெற்றிகள் ரத்தாயின. ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் அதே ஆண்டில் போயின.

நண்பர் முகத்தில் வெளிச்சம். “பார்த்தீர்களா? கணக்கு நேராகிவிட்டது!”

கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு முடிவு வலிய வந்து வாய்த்தால் விட மனம் வராது. நாவலாக இருந்தால் நானும் இங்கேதான் முற்றுப்புள்ளி வைப்பேன். ஆனால் இது நாவல் அல்ல. பெரெய்ரோவுக்கு 2005-இல் ஏமாற்றம் வந்ததற்காக 2006-இல் பட்டம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே எந்தத் தராசும் தொங்கவில்லை. லாண்டிஸ் மருந்து உண்ணாமல் இருந்திருந்தால் பெரெய்ரோ இரண்டாமவராகவே இருந்திருப்பார். ஜாக் பாவரைப்போல எத்தனையோ பேர் இன்னும் அப்படியே இருக்கிறார்கள். மேலும், மறைத்துச் செய்கிற அந்த மருந்துக் காரியத்தையும், கண்ணெதிரே முதுகு மறைவில் வருவதையும் ஒரே பெயரால் சொல்லக் கூடாது. திருட்டு என்ற சொல்லை நண்பர் அதற்கு வைத்துக்கொள்ளட்டும். இதற்குப் பெயர் கடன்தான்.

“ஆனால் ஒன்று, சார்” என்றேன். “அவரை ஒருவர் சும்மா வந்து ஜெயித்தார். அதற்காக அவர் பெருங்கூட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளவில்லை. இனிமேல் நானும் இழுக்க மாட்டேன் என்று சபதம் செய்யவில்லை. அடுத்த கட்டத்திலேயே மறுபடியும் காற்றில் போய் நின்றார். அப்போது அவருக்கு எந்தப் பட்டமும் தெரியாது. ஜெயிப்போமா என்பதும் தெரியாது.”

சிறுகூட்டங்கள் பல, பெருங்கூட்டம் வந்து பிடிப்பதற்கு முன்பே தாமாகக் கெட்டுப்போகின்றன. கோடு நெருங்கும்போது ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கிறான். முன்னே போனால் ஏமாந்துவிடுவோமோ என்று இருவரும் மிதிப்பதை நிறுத்துகிறார்கள். அந்தச் சில வினாடிகளில் பின்னால் வருகிற கூட்டம் வந்து இருவரையும் விழுங்கிவிடுகிறது. ஏமாந்ததால் ஒருவன் தோற்பான்; ஏமாறுவோமோ என்ற பயத்தால் எல்லோரும் தோற்கிறார்கள். ஒரு முறை ஏமாந்தும் மறுமுறை முன்னே வருகிறவன் இருப்பதால்தான், பிரிந்தோடுதல் என்ற ஒன்றே உலகத்தில் நடக்கிறது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு துண்டை எடுத்து உதறினார்.

“எல்லாம் சரி, சார். ஆனால் அன்றைக்குப் பட்ட கடன் பட்டதுதானே? அதை யார் கொடுத்தார்கள்?”

யாரும் கொடுக்கவில்லை என்பது உண்மை. அதை மறைத்து அவருக்குச் சமாதானம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசல் விளக்கைப் போட்டு அவரை வழியனுப்பினேன். மறுநாள் இரவும் வந்தார். திரையில் நாலு பேர் பெருங்கூட்டத்தைவிட்டுப் பிரிந்து போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்தவன் முழங்கையை ஆட்டினான். அடுத்தவன் முன்னே வருகிறானா என்று பார்ப்பதற்காக, நாங்கள் இருவரும் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தோம்.